தீராத தினவு: கரப்பான் நோயை விளங்கிக்கொள்ளல்

நோய்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இருதய நோயாளி அனுதாபத்தைப் பெறுகிறான். காசநோயாளி ஒரு காலத்தில் நாவல்களின் கதாநாயகனாகவும் விளங்கினான். சொறிந்துகொண்டிருப்பவனோ எக்காலத்திலும் நகைப்புக்கு அல்லது அருவருப்புக்கு உரியவனாகவே கருதப்பட்டு வந்துள்ளான். ‘சொறியன்’ என்பது நம் மொழியில் நோயாளியைக் குறிக்கும் சொல்லாக அன்றி வசைச் சொல்லாகவே வழங்குகிறது. இரவு முழுவதும் உறங்காது, விடியும்போது படுக்கை விரிப்பில் இரத்தக் கறையைக் காணும் ஒரு பிள்ளையின் துன்பம் இச்சிரிப்பினால் மறைக்கப்பட்டுவிடுகிறது. இந்நோயைப் பற்றி இன்றைய விஞ்ஞானம் அறிந்துள்ளவற்றையும், அவ்வறிவு நோயாளியின் வீடு வரை வந்து சேராமைக்கான காரணங்களையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றைக் கற்றோர் ஜான் போல் மாராவை மறந்திருக்கமாட்டார்கள். தாமே ஒரு வைத்தியராக இருந்தும், தீராத தோல் நோயொன்றின் தினவைத் தணிப்பதற்காகக் குளியற் தொட்டிக்குள் அமர்ந்தவாறே தமது பத்திரிகைக்கு எழுதிவந்த அவர், 1793ஆம் ஆண்டு யூலை 13ஆந் திகதி அத்தொட்டியிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய இரத்தம் தோய்ந்த பத்திரிகைத் தாளைப் பரம்பரையலகு ஆய்வுக்கு உட்படுத்தி 2020இல் வெளியிடப்பட்ட முடிவு, மேகநோய், குட்டம், சொறிச்சிரங்கு ஆகியன அவருக்கு இருந்தமைக்குச் சான்று இல்லை என்றும், தோலில் வாழும் பங்கசு ஒன்றின் தடயம் மிகுதியாக உள்ளது என்றும் கூறுகிறது. அவரது எதிரிகள் அவருடைய தோலை அவருடைய அரசியலோடு இணைத்து இழித்துரைத்தனர். நோயை ஒழுக்கக்கேட்டின் வெளிப்பாடாகக் காணும் மனோபாவம் ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ மட்டும் உரியதன்று.

தமிழில் இவ்வுணர்ச்சிக்குச் சொற்பஞ்சம் இல்லை. அரிப்பு, நமைச்சல், தினவு, ஊறல் என்பன ஒவ்வொன்றும் சிறிது வேறுபட்ட பொருட்சாயலை உடையன. யாழ்ப்பாணத்து வழக்கில் ‘கடிக்குது’ என்ற ஒரு சொல்லே போதும். ஐரோப்பிய வைத்திய மரபில் 1660ஆம் ஆண்டில் சாமுவேல் ஹாபென்றெபர் என்ற ஜேர்மனிய வைத்தியர், சொறிய வேண்டும் என்ற விருப்பைத் தூண்டும் விரும்பத்தகாத உணர்ச்சியே அரிப்பு என வரையறுத்தார். மூன்றரை நூற்றாண்டு கடந்தும் அவ்வரையறையை விஞ்சும் ஒன்று தோன்றவில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரிப்பு என்பது வலியின் மெலிந்த வடிவமே என்ற எண்ணம் நிலவியது. இஸ்ரமின் என்ற பொருளுக்கு ஏற்ப அரிப்பை மட்டும் கொண்டுசெல்லும் நுண்ணிய நரம்பிழைகள் மனிதத் தோலில் உள்ளன என்பது 1997இலேயே காட்டப்பட்டது. முண்ணாணில் வலியோடு தொடர்பில்லாது அரிப்பை மட்டும் கடத்தும் வாங்கி ஒன்று உண்டு என்பது 2007இல் எலிகளில் நிறுவப்பட்டது. ஆகவே அரிப்பு தனக்கென வழியமைந்த ஒரு தனிப் புலனுணர்ச்சியாகும். “கொஞ்சம் பொறுத்துக்கொள்” என்று நோயாளிக்குக் கூறும் உறவினர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று. வலி உறுப்பை விலக்கிக்கொள்ளச் செய்கிறது. அரிப்போ கையை அவ்விடத்துக்கே அழைக்கிறது. மனவுறுதியால் மட்டும் இதனை வெல்லுமாறு ஒரு குழந்தையிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

நாட்பட அரிப்பைத் தரும் நோய்கள் பல. அவற்றுள் நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது, மேலைமருத்துவம் 1933ஆம் ஆண்டு முதல் அற்றொப்பிக் தோலழற்சி என அழைத்துவரும் நோயாகும். பொது வழக்கில் எக்சிமா என்பர். நம் பரியாரிமார் கரப்பான் என்பர். சித்த வைத்தியம் கரப்பான் என்ற பெயரில் அடக்கும் நோய்களின் தொகை இதனினும் விரிந்தது என்பதை நினைவிற் கொண்டு, வசதி கருதி அச்சொல்லையே நாமும் கையாளுவோம்.

செல்வந்த நாடுகளின் சிறுவருள் ஐவரில் ஒருவர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர். நகரமயமாகும் ஏனைய நாடுகளும் அவ்வழியே செல்கின்றன. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். கைக்குழந்தைகளில் கன்னங்களிலும், வளர்ந்த பிள்ளைகளில் முழங்கையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், கழுத்து ஆகிய மடிப்புகளிலும் தோன்றும். குடும்பத்தில் எவருக்கேனும் தொய்வு அல்லது ஒவ்வாமைத் தடிமன் இருப்பது வழக்கம். இது தொற்றுநோய் அன்று. ஆனால் இதனோடு பெரிதும் மயங்கப்படும் சொறிச்சிரங்கு தொற்றுநோயாகும். கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்று தோலைத் துளைத்து வாழ்வதால் அது உண்டாகிறது. இரவில் மிகும் அரிப்பு, விரலிடுக்குகளிலும் மணிக்கட்டிலும் பருக்கள், வீட்டில் வேறு எவரேனும் சொறிதல் ஆகியன சேர்ந்து காணப்பட்டால் முதலில் சிரங்கையே ஐயுறல் வேண்டும். அதற்குரிய மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசவேண்டும். கரப்பான் எனக் கருதிச் சிரங்குக்குக் களிம்பு பூசுவதும், சிரங்கு எனக் கருதிக் கரப்பான் தோலில் உண்ணி மருந்தைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பதும் நாம் அன்றாடம் காணும் தவறுகள்.

இனி, தோலுக்குள் என்ன நிகழ்கிறது? மேற்றோலின் வெளிப்படையை ஒரு மதிலாகக் கற்பனை செய்யலாம். தட்டையான இறந்த கலங்கள் செங்கற்கள். அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து. இம்மதில் உடலின் நீரை உள்ளே தடுத்து வைக்கிறது. வெளியிலுள்ள தூசு, நுண்ணுயிர், சவர்க்காரம் ஆகியவற்றை வெளியே நிறுத்துகிறது. பிலாகிறின் என்ற புரதம் செங்கற்களை இறுக்கி, பின்னர் தானே சிதைந்து தோலின் இயற்கையான ஈரலிப்புப் பொருளாகவும் மாறுகிறது. இப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகில் ஏற்படும் விகாரங்கள் கரப்பானுக்கு வலுவான ஏதுவாகும் என்பதை ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் பணியாற்றிய ஆய்வாளர் குழு 2006இல் வெளிப்படுத்தியது. ஐரோப்பியருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இவ்விகாரங்களில் ஒன்றைக் கொண்டுள்ளனர். ஆசிய மக்களிடையே விகாரங்களின் வகையும் பரம்பலும் வேறு. விகாரமுடைய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோயுடைய எல்லோருக்கும் விகாரம் இருப்பதுமில்லை. எனினும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை இரத்தத்தின் கோளாறாகவும் ஒவ்வாமையின் விளைவாகவும் மட்டும் எண்ணப்பட்ட நோயில் மதிலின் பழுதும் முதன்மை இடத்தைப் பெற்றது.

மதில் பழுதுற்றவிடத்து நிர்ப்பீடனத் தொகுதி விழித்தெழுகிறது. இன்ரர்லூக்கின் எனப்படும் செய்திப் பொருட்கள் சில, குறிப்பாக 4, 13, 31 என எண்ணிடப்பட்டவை, அழற்சியை மூட்டுவதோடு நரம்பிழைகளையும் தூண்டுகின்றன. போதாதற்கு, ஸ்ரபிலோகொக்கஸ் ஓறியஸ் என்னும் பற்றீரியா இத்தோலில் பெருகிக் குடியேறுகிறது. அதன் நொதியம் ஒன்று நரம்பை நேரடியாகத் தூண்டி அரிப்பை உண்டாக்கும் என்பது 2023இல் எலிகளில் காட்டப்பட்டது. அரிப்பு வரக் கை சொறிகிறது. சொறிதல் மதிலை மேலும் உடைக்கிறது. உடைந்த மதிலினூடாக அரிப்பு மிகுகிறது. இந்த நச்சு வட்டமே நோயின் இயக்கம். 2025ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு சொறிய இயலாதவாறு கழுத்துப்பட்டி அணிவிக்கப்பட்ட எலிகளில் வீக்கம் குறைந்ததைக் காட்டியது. சொறியும்போது நரம்பு முனைகள் வெளியிடும் பொருளே அழற்சிக் கலங்களை மேலும் கிளறுகிறது. அதே ஆய்வு சொறிதல் தோலிலுள்ள பற்றீரியாவைக் குறைக்கிறது என்றும் கண்டது. இயற்கை இவ்வுணர்ச்சியை ஏன் விட்டு வைத்தது என்பதற்கு அது ஒரு விடையாகலாம், நோயாளிக்கு ஆறுதலாகாது.

நம்மைப் போன்றோருக்கு முக்கியமான ஒரு செய்தியை இங்கே கூறவேண்டும். மருத்துவ நூல்கள் இந்நோயைச் ‘செந்நிறத் தடிப்பு’ என வருணிக்கின்றன. அவ்வருணனை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. கரிய தோலில் அழற்சி சிவப்பாகத் தோன்றுவதில்லை. சாம்பல், ஊதா அல்லது கடுங்கபில நிறமாகவும், மயிர்க்கால்களைச் சுற்றிய சிறு சொரசொரப்பாகவும் காணப்படும். நோயின் கடுமையை அளக்கும் அளவுகோல்கள் சிவப்புக்குப் புள்ளி வழங்குவதால், கரிய தோலுடையோரின் நோய் உள்ளதிலும் இலேசானதாகக் கணிக்கப்படும் அபாயம் உண்டு. இக்குறையை உணர்ந்து, கரிய தோலில் நோய்க்குறிகளைக் காட்டும் கைந்நூல் ஒன்றை 2020இல் இலண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே தமது ஆசிரியர்களோடு சேர்ந்து வெளியிட்டார். பாடநூல் எழுதும் அதிகாரம் எவர் கையில் இருந்ததோ அவர்களுடைய தோலே ‘மனிதத் தோல்’ ஆகிவிட்டது. நம் மாணவர்களும் அந்நூல்களிலேயே பயின்றனர். தாயின் விரல்கள் தடவி உணரும் சொரசொரப்பும் தடிப்பும் நம்மிடையே கண்ணுக்குத் தெரியும் நிறத்திலும் நம்பத்தக்க சான்றுகள். நோய் தணிந்த பின் எஞ்சும் கருமை நோயன்று. அது பல மாதங்களில் தானே மங்கும். அதனை ‘வெளுக்க’ முயல்வோருக்கு நேர்வதைப் பின்னர் காண்போம்.

பராமரிப்பின் அடித்தளம் மதிலைச் செப்பனிடுவதேயாகும். குளிப்பது தவறன்று. வெந்நீரும் நெடுநேரமும் மிகுந்த சவர்க்காரமுமே தவறு. சில நிமிடங்கள் குளித்து, துவாயால் தேய்க்காது ஒற்றி, ஈரம் காயுமுன்னரே ஈரலிப்பூட்டும் பூச்சினைத் தாராளமாகப் பூசவேண்டும். எந்தப் பூச்சு? விலையுயர்ந்தவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. லோசன், கிறீம், ஜெல், களிம்பு என்ற நான்கு வகைகளையும் 550 பிள்ளைகளில் ஒப்பிட்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான பரிசோதனை அவற்றிடையே பயனில் வேறுபாடு இல்லை எனக் கண்டது. குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெய் மருந்துகளால் மேலதிக நன்மை இல்லை என்பது 2018இல் புலனாயிற்று. வெள்ளை வசலீனோ, பரபின் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த இமல்சிபையிங் களிம்போ போதுமானது. ஆனால் அளவு போதுமானதாக இருத்தல் வேண்டும். உடலெங்கும் நோயுள்ள பிள்ளைக்குக் கிழமையொன்றுக்கு 250 முதல் 500 கிறாம் வரை தேவைப்படும். வைத்தியசாலையில் மாதத்துக்கு ஒரு சிறு டப்பி கொடுத்தனுப்பி, நோய் மாறவில்லை என்று தாயைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. பரபின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். விறகடுப்பருகே நிற்போர் இதனை மறத்தலாகாது.

தேங்காயெண்ணெயைப் பற்றி நம்மவர் கேட்பர். பிலிப்பைன்ஸ் நாட்டில் நோயுற்ற பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2014இல் வெளியான பரிசோதனையில் சுத்தமான தேங்காயெண்ணெய் கனிய எண்ணெயை விடச் சிறந்த பயன் தந்தது. சிறு ஆய்வு எனினும், நம் வீட்டிலேயே உள்ள பொருளைப் பழமை என்று ஒதுக்கவேண்டியதில்லை. ஒலிவ எண்ணெயோ மதிலைப் பலவீனப்படுத்துகிறது. உள்ளியையும் கடும் மூலிகைச் சாறுகளையும் அரைத்துப் பூசிப் புண்ணாக்கிக்கொண்டு வருவோரை எல்லா வைத்தியரும் அறிவர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறிய வன்னீர். வன்னீருள்ள பிரதேசங்களில் குழந்தைகளுக்குக் கரப்பான் சற்று மிகுதியாகக் காணப்படுவதை வேறு நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியாயின் நீரை மென்மையாக்கும் கருவி பயன்தருமா? இங்கிலாந்தில் 336 பிள்ளைகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட பரிசோதனை, பயன் இல்லை என்றே முடிவு கூறியது. கருவிக்குப் பணம் செலவிடுவதிலும் சவர்க்காரத்தைக் குறைப்பதே அறிவுடைமை. வன்னீரில் நுரை எழாமையால் நாம் அதனை மேலும் மேலும் தேய்க்கிறோம் என்பதை எவரும் தம் வீட்டிலேயே காணலாம்.

மூண்டுவிட்ட அழற்சியை ஈரலிப்புப் பூச்சு மட்டும் அணைக்காது. அதற்கு ஸ்ரீறொயிட்டுப் பூச்சு வேண்டும். 1952இல் ஹைட்ரோகோட்டிசோன் தோலில் பூசிப் பயன் காணப்பட்டது இந்நோயின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். ஆனால் இம்மருந்தைப் பற்றி நம் சமூகம் இரு எதிர்த்துருவங்களில் நிற்கிறது. ஒருபுறம் படித்த பெற்றோர். ‘ஸ்ரீறொயிட்டு’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அஞ்சி, கடுகளவு தொட்டுப் பூசி, இரண்டாம் நாளே நிறுத்தி, பிள்ளையை மாதக்கணக்காகத் துன்புறவிடுவர். மறுபுறம், மருந்துக்கடையில் துண்டின்றி வாங்கிய கடும் ஸ்ரீறொயிட்டையோ, ஸ்ரீறொயிட்டும் பங்கசு மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஒரே குழாயில் கலந்த கலவையையோ ஆண்டுக்கணக்காக முகத்தில் பூசுவோர். தென்னாசியாவில் முகத்தை வெளுப்பாக்கும் என விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் குளோபெற்றசோல் போன்ற கடும் ஸ்ரீறொயிட்டுகளும் இரசமும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருக்கள் எழுந்து, நிறுத்தினால் எரிவும் வீக்கமும் மிகுந்து துன்புறும் அவ்விளம்பெண்களை முதல் வகைப் பெற்றோர் பார்த்து மேலும் அஞ்சுகின்றனர். நிறத்தின் மீதான மோகம் ஒரு சந்தையைப் படைத்தது. அச்சந்தையின் கேடு, மருந்து உண்மையில் தேவைப்படும் பிள்ளையிடமிருந்து அதனைப் பறிக்கிறது. படர்தாமரை மீது கலவைக் களிம்பு பூசுவதால் அது உருமாறிப் பரவுவதும், மருந்துக்கு அடங்காத பங்கசு இனம் தென்னாசியாவில் பெருகியிருப்பதும் இக்கதையின் மற்றோர் அத்தியாயம்.

முறையான பயன்பாடு கடினமன்று. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கிய பூச்சு ஏறத்தாழ அரைக் கிறாம். வளர்ந்தவரின் விரல்கள் சேர்ந்த இரு உள்ளங்கைகளின் பரப்புக்கு அது போதும். 1991இல் முன்வைக்கப்பட்ட இவ்வளவை எழுத்தறியாதவருக்கும் ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கலாம். முகத்துக்கு மென்மையானது, உடலுக்கு இடைத்தரமானது, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய தடித்த இடங்களுக்குக் கடுமையானது என வைத்தியர் தேர்வார். நாளுக்கு ஒருமுறை போதும். தடவிப் பார்க்கும்போது தோல் வழவழப்பாகும் வரை பூசி, பின் நிறுத்துதல் வேண்டும். அடிக்கடி மீளும் இடங்களில் கிழமைக்கு இரு நாட்கள் மட்டும் தொடர்ந்து பூசுவது அடுத்த எழுச்சியைத் தள்ளிப்போடும். கண் இமைக்கு ரக்றோலிமஸ் போன்ற ஸ்ரீறொயிட்டு அல்லாத களிம்புகள் உண்டு. அரிப்புக்கென்று வழக்கமாகக் கொடுக்கப்படும் இஸ்ரமின் எதிர்ப்பு மாத்திரைகள் இந்நோயில் பெரும்பயன் தருவதில்லை. பழைய வகை மாத்திரைகள் தூங்க வைக்கின்றன, அவ்வளவே. காய்ச்சலோடு, குழி விழுந்தாற்போன்ற கொப்புளங்கள் கூட்டமாகத் திடீரெனத் தோன்றினால் அது ஹேர்பீஸ் வைரசுத் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

உணவு பற்றிய நம்பிக்கைகள் ஆழமானவை. கத்தரிக்காய், இறால், நண்டு முதலியன ‘கிரந்தி’ எனக் கூறி விலக்கப்படுகின்றன. உண்மையான உணவொவ்வாமை கடுமையான நோயுடைய சில குழந்தைகளுக்கு உண்டு. உண்ட சில நிமிடங்களில் தடிப்பும் வாந்தியும் முகவீக்கமும் அதன் அடையாளங்கள். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளில் நோய்க்குக் காரணம் உணவன்று. முட்டை, மீன், பால் என ஒவ்வொன்றாக நிறுத்தி, ஈற்றில் சோறும் பருப்பும் மட்டும் உண்டு மெலிந்த பிள்ளைக்குக் கரப்பானும் மாறியிராது. இன்னும் வியப்பானது, விலக்கலே தீங்காகலாம் என்பது. கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உடைய 640 குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட இலண்டன் ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்திலேயே கச்சானை உணவிற் சேர்த்தவர்களுள் ஐந்து வயதில் 3.2 வீதத்தினருக்கும், முற்றாக விலக்கியவர்களுள் 17.2 வீதத்தினருக்கும் கச்சான் ஒவ்வாமை காணப்பட்டது. உடைந்த தோலினூடாக முதலிற் புகும் உணவுப் பொருளை உடல் பகையாகவும், வாயினூடாகப் புகுவதை நட்பாகவும் கொள்கிறது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். கடும் நோயுள்ள குழந்தைக்கு இதனை வைத்தியர் ஆலோசனையுடனேயே செய்யவேண்டும்.

சொறியாதே என்று அதட்டுவதால் பயனில்லை. அந்தக் கைக்கு வேறு வேலை கொடுத்தல் வேண்டும். அரிக்குமிடத்தை உள்ளங்கையால் அழுத்துதல், நனைத்த துணியை வைத்தல், பூச்சைக் குளிர வைத்துப் பூசுதல், நகத்தை ஒட்ட வெட்டுதல், இரவில் மென்பருத்தி உடை அணிவித்தல் ஆகியன சிறு உபாயங்களாயினும் உறக்கத்தை மீட்பவை. பிள்ளை உறங்காத வீட்டில் தாயும் உறங்குவதில்லை. மறுநாள் வகுப்பில் ‘கவனமில்லாதவன்’ எனப் பெயர் வாங்கும் மாணவன் ஒருவேளை நான்கு மணித்தியாலமே தூங்கியிருப்பான். பள்ளியில் அவனருகே அமரப் பிற பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோரும், தழும்பைக் காட்டிச் சம்பந்தத்தை முறிப்போரும் நம்மிடையே உளர். தொட்டால் தீட்டு என்று சாதியின் பெயரால் மனிதரை விலக்கிப் பழகிய ஒரு சமூகத்தில், தொட்டால் ஒட்டும் என்ற அச்சம் எளிதில் வேரூன்றுவது வியப்பன்று.

பூச்சுகளுக்கு அடங்காத நோய்க்கு ஊதாக்கடந்த ஒளிச் சிகிச்சை, சைக்குளோஸ்போறின், மெதோத்திறெக்சேற்று என்பன நெடுங்காலமாக உள்ளன. முன்னர் கூறிய இன்ரர்லூக்கின் 4, 13 ஆகியவற்றின் செயலைத் தடுக்கும் டுபிலுமாப் என்னும் ஊசிமருந்து 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலருக்கு அது வாழ்வையே மாற்றியது. அதன் விலை நம் நாட்டின் சாதாரண குடும்பம் எதற்கும் எட்டாதது. ஆதலால் மெதோத்திறெக்சேற்றுப் போன்ற மலிவான மாத்திரையை, ஒழுங்கான இரத்தப் பரிசோதனையுடன் பெறத்தக்க வசதி மாவட்ட வைத்தியசாலைகளில் இருப்பதே நமக்கு உடனடித் தேவை.

சிறுவயதிற் கரப்பான் இருந்து மாறியவர்களுக்கு, வளர்ந்தபின் கைகளில் அது மீளும் வாய்ப்பு மிகுதி. நாள் முழுவதும் நீரில் கைவைக்கும் தொழில்களான சலவை, சமையல், சிகையலங்காரம், தாதிப்பணி என்பன அதனைத் தூண்டும். கட்டடத் தொழிலாளரின் கைகளில் வரும் நாட்பட்ட தோலழற்சி இதன் நெருங்கிய உறவு. அது சீமெந்திலுள்ள குரோமேற்றினால் விளையும் ஒவ்வாமை. சீமெந்தில் இரும்புச் சல்பேற்றைச் சிறிதளவு சேர்த்தால் அந்நஞ்சு பெருமளவு செயலிழக்கும். டென்மார்க் இதனை 1981 முதல் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் கரையத்தக்க குரோமேற்றைப் பத்து இலட்சத்தில் இரு பங்குக்கு மேற்படாதவாறு 2005 முதல் சட்டத்தால் வரையறுத்தது. சேர்க்கவேண்டிய பொருள் மலிவானது. ஒருமுறை குரோமேற்றுக்கு ஒவ்வாமை கொண்ட தோல் பின்னர் அதனை மறப்பதில்லை என்பதால், வைத்தியர் மேசனுக்குக் கூறக்கூடிய ஆலோசனை பெரும்பாலும் தொழிலை விடு என்பதே. அவனோ துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாட் காலையும் சாந்து குழைக்கச் செல்கிறான்.